சுவரோரம் நின்ற பிள்ளைகளும் நான்கு வி.ஆர். ஹெட்செட்டும்

எந்த உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார், பி.டி. பீரியடில் சுவரோரமாக ஒரு சின்னக் கூட்டம் எப்போதும் இருக்கும். விசில் ஊதியதும் பாதிப் பேர் பந்தை நோக்கி ஓடுவார்கள். ஐந்தாறு பேர் மெல்லப் பின்வாங்கிச் சுவரில் சாய்ந்துகொள்வார்கள். ஷூ கொண்டுவரவில்லை, தலை வலிக்கிறது, காலில் சுளுக்கு என்று வாரத்துக்கு ஒரு காரணம் வரும். பல வருடங்கள் அவர்களைச் சோம்பேறிகள் என்றே நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வருந்துகிறேன்.

எங்கள் பள்ளிக்கு நான்கு வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டுகள் வந்தன. தலையில் மாட்டினால் கண்ணை முழுக்க மறைத்து, சுற்றிலும் ஒரு கற்பனை உலகத்தைக் காட்டும் கருவிகள் அவை. ஒரு கல்வியாண்டு முழுவதும் உடற்கல்வி வகுப்பில் அவற்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். கூடவே பாயிண்ட், பேட்ஜ், லெவல் என்று விளையாட்டாக்கத்தையும் சேர்த்தேன். செய்த தவறுகள் நிறைய. இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் அதே தவறுகளைச் செய்ய வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் வகுப்பு பார்க்க அமர்க்களமாக இருந்தது. 36 பிள்ளைகள், எல்லோருக்கும் 13 வயது முடிந்திருந்தது. 40 நிமிட பீரியட். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, நான்கு நான்கு பேராக, ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தேன். சிரிப்பு, கைதட்டல், ஒரே சத்தம். அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. ஹெட்செட்டை மாட்டி, பட்டையைச் சரிசெய்து, மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லி, அதையும் திருத்தி முடிக்கவே ஒன்றரை நிமிடம் போய்விடுகிறது. ஆக ஒரு பிள்ளை உடம்பை அசைத்தது வெறும் ஒன்றரை நிமிடம். மீதி 38 நிமிடமும் வரிசையில் நின்றுகொண்டே இருந்தது. வகுப்பு மொத்தத்தையும் நானே சுவரோரம் நிறுத்திவிட்டேன்.

5 முதல் 17 வயதுள்ளவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டுவதில்லை. பெண்பிள்ளைகளில் அது 85 விழுக்காடு. வாரத்துக்கு இரண்டு பீரியடை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியை நான் நிரப்ப முடியாது. வகுப்புக்கு வெளியிலும் ஓடியாட வேண்டும் என்ற ஆசையை ஊட்ட முடியும், அவ்வளவுதான். இருக்கும் 40 நிமிடத்தையும் நிற்பதில் கழித்தால் அந்த ஆசை எங்கிருந்து வரும்?

அதனால் வரிசையை ஒழித்தேன். வகுப்பை ஆறு பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரித்தேன். ஒரு பீரியடில் இரண்டு குழுக்களுக்கு மட்டுமே வி.ஆர்., ஒரு குழுவுக்கு 12 நிமிடம். மூன்று பீரியடுக்கு ஒருமுறை எல்லோருக்கும் முறை வந்துவிடும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் வழக்கமான ஆட்டம்தான். குழுவுக்குள் மூன்று ஜோடிகள்: ஒருவர் ஆடுவார், இன்னொருவர் காவல். ஆறு நிமிடத்தில் மாறிக்கொள்வார்கள். நான்கில் மூன்று ஹெட்செட் புழக்கத்தில் இருக்கும், நான்காவது சார்ஜில். நாங்கள் வைத்திருப்பது போன்ற தனித்தியங்கும் ஹெட்செட்டுக்கு ஒரு சார்ஜில் இரண்டு, மூன்று மணி நேரம்தான் உயிர். எனவே இந்த மாற்று ஏற்பாடு அவசியம்.

காவல் பிள்ளை என்ற அந்த ஏற்பாடு ஒரு காயத்துக்குப் பிறகு வந்தது. ஹெட்செட்டில் எல்லைக்கோடு ஒன்று வரைந்துகொள்ளலாம். ஆடுபவர் கோட்டை நெருங்கினால் அவர் கண் முன்னே கட்டம் போட்ட சுவர் ஒன்று தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெளியிலிருந்து யாராவது உள்ளே நடந்து வந்தால் அந்தக் கோட்டைப் பற்றி வருபவருக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது வாரம், வேடிக்கை பார்க்கக் கிட்டே போன ஒரு பையனின் புருவத்தில், ஆடுபவர் கையில் பிடித்திருந்த கண்ட்ரோலர் பட்டு வீங்கிவிட்டது. அன்றிலிருந்து தரையில் கயிறு போட்டேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சதுரம், சதுரங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. சதுரத்தின் நடுவில் ஒரு சின்ன ரப்பர் விரிப்பு. பாதத்துக்கு விளிம்பு தட்டுப்பட்டால், கண் மறைந்திருந்தாலும் நடுவை விட்டு நகர்ந்துவிட்டோம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் விரிப்புதான் இருப்பதிலேயே எளிய பொருள், அதுதான் அதிகம் உதவியது. காவல் பிள்ளைக்கு ஒரே விதி: முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடு, அப்புறம்தான் தொடு. ஹெட்செட் போட்டிருக்கும்போது திடீரென்று தோளில் ஒரு கை விழுந்தால் யாராக இருந்தாலும் பதறிப்போவார்கள்.

தலைசுற்றல் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஆர்வக் கோளாறில், மலைச்சரிவில் பறந்து இறங்குவது போன்ற ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டே நிமிடத்தில் ஒரு மாணவிக்கு முகம் வெளிறி, வியர்த்து, குமட்டிக்கொண்டு வந்தது. கண், "வேகமாகப் போகிறாய்" என்கிறது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்போ, "நீ நின்ற இடத்திலேயே நிற்கிறாய்" என்கிறது. இரண்டும் முரண்படும்போது உடல் தடுமாறுகிறது. பேருந்தில் புத்தகம் படித்தால் சிலருக்கு வருகிற அதே தொல்லைதான், இங்கே தலைகீழாக. எனவே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, பிள்ளை தன் காலால் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு மட்டும்தான் காட்சியும் நகர்கிறதா என்பதை. குத்துச்சண்டை, தாளத்துக்கு ஏற்ப வாள் வீசிக் கட்டைகளை வெட்டுவது, டேபிள் டென்னிஸ் போன்றவை இதில் தேறும். பொம்மைக் காரோட்டுவது, பறப்பது எல்லாம் தேறாது. லேசாகத் தலை கனக்கிறது என்று பிள்ளை சொன்னாலே கழற்றிவிட வேண்டும். போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி ஆடவிடுவது தவறு. சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளுக்காக ஒரு சைகை வைத்தோம்: இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்தால் காவல் பிள்ளை உடனே கழற்றிவிடும்.

தலைவலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்தி வைக்க வேண்டும். எங்களிடம் இருந்த, மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள்தான். சிறிய முகமுள்ள பிள்ளைகளுக்கு 58-கூட அகலமாக இருக்கலாம். அவர்களுக்கு எவ்வளவு திருத்தினாலும் மங்கலாகவே தெரியும். கட்டாயப்படுத்தக் கூடாது. கருவியின் எடையும் அரைக் கிலோ, அத்தனையும் முகத்தின் முன்பக்கம் தொங்குகிறது. நழுவாமல் இருக்கப் பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. மேல்பட்டையில் எடையைத் தாங்கவிட்டு, பக்கப் பட்டையைத் தளர்வாக வைத்தால் கழுத்தும் கன்னமும் வலிக்காது.

தொடங்கும் முன்பே பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். வலிப்பு வந்ததுண்டா, கண் சிகிச்சை நடக்கிறதா, பயணத்தில் வாந்தி வருமா என்ற மூன்று கேள்வியும் அதில் இருக்கட்டும். வயது வரம்பையும் பாருங்கள். மெட்டா நிறுவனம் முன்பு 13 வயது என்று வைத்திருந்தது. 2023-இல் பெற்றோர் கட்டுப்பாட்டிலுள்ள கணக்கோடு 10 வயது என்று குறைத்தது. நான் 13-லேயே நின்றுகொண்டேன். சுத்தத்துக்கு, துடைத்தெடுக்கக்கூடிய சிலிக்கான் முகப்பட்டை போதும். லென்ஸை மட்டும் உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும், ஸ்பிரிட் படக் கூடாது. அப்புறம், ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். ஒரு ஹெட்செட்டின் திரையில் மஞ்சள் புள்ளி விழுந்தது என் கவனக்குறைவால்தான்.

இதெல்லாம் பழகிய பிறகு நடந்த ஒன்றுதான் என் எண்ணத்தையே மாற்றியது.

சுவரோரக் கூட்டத்தில் ஒரு மாணவி. இரண்டு வருடத்தில் அவள் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஹெட்செட் மாட்டியதும் ஆள் மாறிவிட்டாள். குனிந்தாள், பக்கவாட்டில் நகர்ந்தாள், கையை ஓங்கி வீசினாள். கழற்றும்போது நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு ஒரே மகிழ்ச்சி. அடுத்த முறை, ஹெட்செட்டுக்குள் தெரிவதை வகுப்பே பார்க்கட்டும் என்று புரொஜெக்டரில் இணைத்துச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் பாதுகாப்பு, அதனால் ஏதோ ஒரு திரையில் பார்த்தாக வேண்டும் என்பதும் காரணம். அன்று அவள் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. கண்ட்ரோலரைத் தொங்கவிட்டு நின்றாள். என்னவென்று கேட்டதற்கு, "அந்தத் திரையை அணைச்சிடுங்க சார், ஆடுறேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு ஓடுவது பிடிக்காமல் இல்லை. தவறவிடுவதை 35 பேர் பார்ப்பதுதான் பிடிக்கவில்லை. கணக்குப் பாடத்தில் தப்புச் செய்தால் நோட்டுக்குள்ளேயே இருக்கும். உடற்கல்வியில்தான் ஒவ்வொரு தப்பும் திறந்த வெளியில், எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது. இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த எளிய உண்மை எனக்குத் தோன்றவேயில்லை. ஹெட்செட் அவளுக்குக் கொடுத்தது அற்புதமான காட்சிகள் இல்லை, யாரும் பார்க்காத ஓர் இடம். அன்றிலிருந்து காட்சி என் கையில் இருக்கும் டேப்லெட்டுக்கு மட்டும்தான் போகும். வி.ஆர். சதுரங்களைக் கூடத்தின் மூலைக்கு மாற்றி, மற்றவர்கள் ஆட்டத்தின் முதுகுப்புறம் வருமாறு வைத்தேன். சுவரோரம் நின்றவர்களில் இன்னும் மூன்று பேர் தாமாக வந்தார்கள்.

சரி, வந்தார்கள், வியர்த்தார்களா? எல்லோரும் இல்லை. பீட் சேபர் போன்ற தாள விளையாட்டில், பறந்து வரும் கட்டைகளை வாள் வீசி வெட்ட வேண்டும். முழு மதிப்பெண் வேண்டுமென்றால் வெட்டுவதற்கு முன் 100 டிகிரி, வெட்டிய பின் 60 டிகிரி அளவுக்கு வாள் சுழல வேண்டும். ஆனால் பாட்டை முடிக்க மட்டும் மணிக்கட்டை லேசாகச் சொடுக்கினாலே போதும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் 15 விநாடி நாடி எண்ணச் சொல்லி நான்கால் பெருக்கினோம். மணிக்கட்டால் ஆடியவர்களுக்கு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டவில்லை. தோளையும் முழங்காலையும் பயன்படுத்தியவர்களுக்கு 140 வந்தது. அதனால் தலைக்கு மேலே தடுப்புச் சுவர் வந்து குனிய வைக்கும் பாடல்களாகத் தேடி எடுத்தேன். விளையாட்டு காட்டும் ஸ்கோரை விட்டுவிட்டு, எத்தனை முறை முழுதாக உட்கார்ந்து எழுந்தாய் என்பதைக் காவல் பிள்ளை எண்ணும்படி மாற்றினேன். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் பிள்ளைகள் செய்கிறார்கள்.

காலுக்கு வேலை கொடுப்பதில் ஹெட்செட்டை விட நன்றாக இருந்தது, ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய நடன விரிப்பு. அம்புக்குறி வரும்போது அதே அம்பை மிதிக்க வேண்டுமே, அந்த விளையாட்டு. ஜப்பானில் 1998-இல் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்று வந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் தன் 765 அரசுப் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோகப் போவதாக 2006-இல் அறிவித்தது. நாம் புதிது என்று நினைப்பது அவ்வளவு புதிதில்லை. தலையில் எதுவும் மாட்ட வேண்டாம், குமட்டல் இல்லை, இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். பணம் குறைவாக உள்ள பள்ளிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி பாயிண்ட் கதை. இங்கேதான் நான் பெரிதாகச் சறுக்கினேன். ஒவ்வொருவர் பாயிண்டையும் கூட்டி, கூடத்தின் வாசலில் லீடர்போர்டு, அதாவது தரவரிசைப் பட்டியல், ஒட்டினேன். முதல் வாரம் எல்லோரும் போர்டு முன்னால் மொய்த்தார்கள். மூன்றாவது வாரம் முதல் ஐந்து பேர் மட்டும்தான் அதைப் பார்த்தார்கள். அந்த ஐந்து பேரும் ஏற்கெனவே மைதானத்தில் முதலில் நிற்பவர்கள். கடைசியில் இருந்தவர்களுக்கு அது தினமும் வாசலிலேயே கிடைக்கும் அவமானம். ஹெட்செட்டால் மறைத்த கண்களையெல்லாம் ஒரு காகிதத்தைக் கொண்டு நானே திரும்பக் கூட்டி வந்திருந்தேன்.

பரிசு விஷயத்தில் 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வரைவதில் ஆசையுள்ள மழலைப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படியே கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், எதுவும் எதிர்பார்க்காமல் வரைந்த பிள்ளைகளைப் போலச் சுமார் பாதி நேரம்தான் அவர்கள் வரைந்தார்கள். என் வகுப்பிலும் அதே நிலைதான். நன்றாகப் பந்து வீசும் பையன் ஒருவன், "இதுக்கு எத்தனை பாயிண்ட் சார்?" என்று கேட்காமல் எதையும் செய்ய மறுக்கத் தொடங்கினான். முன்பு அவன் மணி அடித்த பிறகும் வீசிக்கொண்டிருப்பான்.

போர்டைக் கிழித்துப் போட்டேன். பதிலாக வகுப்பு முழுவதற்கும் ஒரே இலக்கு: எவரெஸ்ட் ஏறுவது. சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். எங்களிடம் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள மரப்படிகள் இருந்தன. ஒருமுறை ஏறி இறங்கினால் 20 சென்டிமீட்டர் ஏறியதாகக் கணக்கு. மொத்தம் 44,245 படி, 36 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 1,229. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். சுவரில் ஒரு மலைப் படம். பீரியட் முடிவில் ஒவ்வொருவரும் தன் எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள், பெயர் எழுத வேண்டாம். இரண்டு பேர் கூட்டிச் சொல்வார்கள், படத்தில் கோடு மேலே ஏறும்.

இதன் அழகு என்னவென்றால், வேகமாக ஓடுகிறவனின் படியும் மெதுவாக ஏறுகிறவளின் படியும் அதே 20 சென்டிமீட்டர்தான். தான் சேர்த்த 40 படி மலையில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அது இல்லாமல் கோடு அந்த இடத்துக்கு வராது. பெயர் இல்லாததால் பொய் எண் எழுதமாட்டார்களா என்று சக ஆசிரியர் கேட்டார். ஒருமுறை அப்படி நடந்தது, கூட்டும் பிள்ளைகளே அந்தச் சீட்டைத் தனியே எடுத்து வைத்தார்கள், நான் சொல்லவில்லை. ஏழாவது வாரம் சிகரம் எட்டினோம். அந்த வாரம் இடைவேளையிலும் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

தனியாள் பாயிண்ட் முழுவதும் போய்விடவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. போன முறை எத்தனை, இன்று எத்தனை. அதை நானும் அந்தப் பிள்ளையும் மட்டுமே பார்ப்போம்.

வி.ஆர். மீதான மோகம் எத்தனை நாள் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். 2016-இல் போக்கிமான் கோ என்ற, தெருவில் நடந்து திரிந்து ஆட வேண்டிய கைப்பேசி விளையாட்டு வந்தபோது, அதை ஆடியவர்கள் முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 காலடி கூடுதலாக நடந்தார்கள் என்றும், ஆறாவது வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள் என்றும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் கூடத்தில் ஐந்தாவது வாரத்திலேயே, "இன்னிக்கு வெளியே போகலாமா சார்?" என்ற குரல் வந்துவிட்டது. நான் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒரு பருவத்துக்கு நான்கு வாரம் மட்டும் ஹெட்செட் வெளியே வரும். அந்த நான்கு வாரம், சுவரோரப் பிள்ளை ஏதாவது ஓர் ஆட்டத்தைப் பழகிக்கொள்வதற்கான அவகாசம். பிறகு அலமாரியில் பூட்டிவிடுவேன்.

பழகியதை நிஜத்துக்குக் கொண்டுவருவதுதான் கடினம். டேபிள் டென்னிஸை எடுத்துக்கொள்ளுங்கள். வி.ஆரில் பந்தின் போக்கும் சுழற்சியும் நிஜத்துக்கு நெருக்கமாகவே இருக்கும். எப்போது கையை நீட்ட வேண்டும் என்ற நேரக்கணக்கு நன்றாகப் படிந்துவிடுகிறது. ஆனால் கையில் மட்டையின் எடை இல்லை, பந்து பட்டதும் எழும் அதிர்வுக்குப் பதில் ஒரு சின்னத் துடிப்பு மட்டும்தான். பந்தைப் பிடிப்பதோ வி.ஆரில் வரவே வராது, விரல் மூடுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. திரையை அணைக்கச் சொன்ன அந்த மாணவி வி.ஆரில் தொடர்ந்து இருபது பந்து திருப்பி அடித்தாள். நிஜ மேஜைக்கு அழைத்துப் போனேன், முதல் பத்தில் எட்டைத் தவறவிட்டாள். முகம் வாடிவிட்டது.

அவளை விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு பழைய மேஜையைக் கூடத்தின் கோடிக்குத் தள்ளி, பாதியை மடித்துச் செங்குத்தாக நிறுத்தினேன். அதில் அடித்தால் பந்து தானாகத் திரும்பி வரும், எதிரே ஆள் வேண்டாம், பின்னால் யாரும் நிற்க இடமில்லை. காவலுக்கு அவளோடு இருந்த தோழியை மட்டும் கூட அனுப்பினேன். வி.ஆரில் ஐந்து நிமிடம், உடனே மேஜையில் பத்து நிமிடம் என்று மாறி மாறி வைத்ததில் கை மட்டையின் எடைக்குப் பழகியது. மூன்றாவது வாரம் வி.ஆர். நேரத்தைத் தோழிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு முழு நேரமும் மேஜையில் நின்றாள். அடுத்த மாதம் மடித்த பாதியை இறக்கிவிட்டு இருவரும் எதிரெதிரே ஆடத் தொடங்கினார்கள்.

ஹெட்செட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிய வாரத்தில் அவள் என்னிடம் வந்தாள். சுளுக்கு என்று சொல்லத்தான் வருகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். "இங்க வெளிச்சம் பத்தல சார், மேஜையை நடுவுல தள்ளிக்கலாமா?" என்றாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவளும் தோழியும் மறுபக்கம் பிடித்தார்கள்.